நாய்க்கு மாசம் 712 ரூபாய்: நுரையீரல் புழு பயமும் தர்மபுரி பட்ஜெட்டும்



வேலை ஓசூர்லயோ பெங்களூருலயோ. வீடு பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கம். ஊர்ல அப்பா, அம்மா, கூடவே ஒரு நாய். சம்பளம் வந்ததும் வீட்டுக்கு ஒரு தொகை அனுப்பிடுறீங்க. அதுல மளிகை இருக்கு, கேஸ் இருக்கு, அப்பாவோட சுகர் மாத்திரை இருக்கு. நாய்க்குனு ஒரு வரி இருக்கா? பெரும்பாலும் இருக்காது. "அது பாட்டுக்கு சோறு தின்னுட்டுக் கெடக்குது, அதுக்கென்ன செலவு"ன்னு விட்டுருப்போம்.

அப்புறம் ஒரு நாள், சரியா மாசம் 22-ஆம் தேதி வாக்குல, அக்கவுண்ட் காலியா இருக்குற நேரமா பாத்து, அம்மா போன் பண்ணுவாங்க. "தம்பி, மணிக்கு மூக்குல ரத்தம் வருதுடா. ரெண்டு நாளா சோறும் தொடல."

நீங்க என்ன பண்ணுவீங்க? போனை வெச்சதும் தேடுவீங்க. நாய், மூக்குல ரத்தம், இருமல்னு போட்டா வெளிநாட்டு வீடியோக்கள் வரிசையா வரும். அதுல பயமுறுத்துற ஒரு பேரு நுரையீரல் புழு. அந்த வீடியோவுக்குக் கீழயே அதுக்கான மருந்து விளம்பரமும் இருக்கும். ராத்திரி 11 மணி, கையில கிரெடிட் கார்டு, மனசுல பயம். தப்பான செலவு பெரும்பாலும் இந்த மாதிரி நேரத்துலதான் நடக்கும்.

இந்தப் பதிவுல பாக்கப் போறது இதுதான்: அந்த நுரையீரல் புழு என்ன, நம்ம ஊர் நாய்க்கு உண்மையில எதுலேர்ந்து ஆபத்து, உங்க பணம் எதுக்குப் போகணும், எதுக்குப் போகக் கூடாது.

நுரையீரல் புழு: அது எங்க ஊர் நோய்?

வீடியோவுல சொல்ற புழுவோட பேரு ஆஞ்சியோஸ்ட்ராங்கைலஸ் வாசோரம். பிரெஞ்சு இதயப்புழுன்னும் சொல்வாங்க. 19-ஆம் நூற்றாண்டுலயே பிரான்ஸ்ல கண்டுபிடிச்சது. பிரிட்டன், அயர்லாந்து, டென்மார்க், கனடாவோட நியூஃபவுண்ட்லாந்து, தென் அமெரிக்காவுல பிரேசில், கொலம்பியா, இங்கெல்லாம் இருக்கு. பிரிட்டன்ல ஆரம்பத்துல தெற்குப் பகுதியில சில இடங்கள்ல மட்டும் இருந்தது, அப்புறம் ஸ்காட்லாந்து வரைக்கும் போயிருச்சு. அதனாலதான் அந்த ஊர் டாக்டர்கள் இவ்வளவு சத்தமா எச்சரிக்கிறாங்க. அவங்க ஊருக்கு அது நியாயமான பயம்.

பரவுற விதம் நத்தை மூலமா. நோய் உள்ள நாயோட, நரியோட மலத்துல இளம் புழு வெளிய வரும். அதை நத்தை சாப்பிடும். ஓடுள்ள நத்தை, ஓடில்லாத நத்தை ரெண்டும்தான். அந்த நத்தையை இன்னொரு நாய் தெரிஞ்சோ தெரியாமலோ முழுங்கினா, புழு அதோட உடம்புக்குள்ள வளந்து, இதயத்தோட வலது பக்கத்துலயும் நுரையீரலுக்குப் போற ரத்தக் குழாய்லயும் போய் உக்காரும். இருமல், மூச்சு வாங்குறது, சீக்கிரம் களைச்சுப் போறது இதெல்லாம் அறிகுறி. ரத்தம் உறையுற தன்மையும் கெட்டுப் போகலாம். அதனால மூக்குல, ஈறுல ரத்தக் கசிவு வரும்.

இந்த நோய் நம்ம பக்கத்துக் கால்நடை டாக்டர்கள் தினமும் பாக்குற நோய் இல்ல. அதனால மாசாமாசம் "நுரையீரல் புழு தடுப்பு"ன்னு தனியா ஒரு இறக்குமதி மருந்து வாங்கணுமான்னு கேட்டா, உங்க டாக்டர் சொல்லாத வரைக்கும் வேண்டாம். வெளிநாட்டுக்கு நாயையும் கூட்டிட்டுப் போறீங்கன்னா அது வேற கதை, அப்போ கட்டாயம் கேளுங்க.

ஒரு குழப்பத்தையும் தீத்துடுவோம். கேரளாவுல மனுஷங்களுக்கு வந்ததா செய்தியில படிச்சிருப்பீங்களே, அது எலி நுரையீரல் புழு. குடும்பம் ஒண்ணு, புழு வேற. அது எலியோட நுரையீரல்ல வாழும், நத்தை வழியா பரவும், மனுஷனுக்கு வந்தா மூளை உறையில வீக்கம் வரும். அங்க உடும்பைப் பச்சையா சாப்பிட்டவங்களுக்கு வந்ததை டாக்டர்கள் பதிவு பண்ணியிருக்காங்க. அதுக்கான தடுப்பு மருந்துக் கடையில இல்ல, உங்க அடுப்படியில இருக்கு: கீரையை நல்லா கழுவுங்க, நத்தையை வெறும் கையால எடுக்காதீங்க, எதையும் பச்சையா சாப்பிடாதீங்க. செலவு பூஜ்யம்.

அப்போ மணிக்கு மூக்குல ரத்தம் எதனால?

லண்டன்ல ஒரு நாய்க்கு மூக்குல ரத்தம் வந்தா டாக்டர் நுரையீரல் புழுவையும் சந்தேகப்படுவார். தர்மபுரில வந்தா அவர் முதல்ல கேக்குற கேள்வி, "உண்ணி இருக்கா?"

நாய் காதுக்குள்ள, கழுத்துல, கால் விரல் இடுக்குல ஒட்டிக்கிட்டு இருக்குமே, அந்தப் பழுப்பு உண்ணி, அதுதான் இங்க பெரிய வில்லன். அது கடிக்கும்போது எர்லிக்கியாங்கற பாக்டீரியாவை ரத்தத்துல விட்டுடும். உண்ணிக் காய்ச்சல்னு சொல்றோம். 1935-ல அல்ஜீரியாவுல இதை முதல்ல அடையாளம் கண்டாங்க. 1944-லயே நம்ம மெட்ராஸ்ல இருந்து இதைப் பத்தி எழுதிட்டாங்க. அதாவது இது நமக்குப் புதுசு இல்ல, பழைய எதிரி.

இந்த நோய்ல ரத்தத் தட்டணுக்கள் குறையும். அதனால மூக்குல ரத்தம், வயித்துத் தோல்ல சிவப்புப் புள்ளி, காய்ச்சல், சோறு வேண்டாம்னு படுத்துக்கறது. ஆரம்பத்துல பிடிச்சா டாக்சிசைக்ளின்ங்கற, விலை குறைவான மாத்திரையே போதும். வழக்கமா 28 நாள் தருவாங்க. விட்டுட்டா, எலும்பு மஜ்ஜையே வேலை செய்யாத நிலைக்குப் போயிடும். அப்புறம் செலவு பண்ணாலும் காப்பாத்துறது கஷ்டம். ஒரே நோய், ஆனா எந்த வாரத்துல டாக்டர்கிட்ட போனீங்கங்கறதைப் பொறுத்து பில்லு மாறும்.

அதே உண்ணி பேபீசியான்னு இன்னொரு நோயையும் கொண்டு வரும். அதுக்கு மருந்து வேற. ரத்தத்தைப் பாக்காம ரெண்டையும் பிரிக்க முடியாது. அதனால "பக்கத்து வீட்டு நாய்க்கு இதே மாத்திரைதான் குடுத்தாங்க"ன்னு வாங்கிக் குடுக்காதீங்க.

இருமினா?

நுரையீரல் வழியா போற புழுக்கள் நம்ம ஊர்லயும் இருக்கு, பேருதான் வேற. குட்டி நாய்கள்ல சாதாரண உருண்டைப்புழுவோட இளம் புழு, குடலுக்கு வர்றதுக்கு முன்னாடி நுரையீரல் வழியாத்தான் பயணம் பண்ணும். அப்போ குட்டி இருமும். வயிறு பானை மாதிரி உப்பி, முடி மங்கிப் போயிருக்கும். கொக்கிப்புழு குடல்ல ஒட்டிக்கிட்டு ரத்தம் குடிக்கும், ஈறு வெளுத்துடும். சாணி வண்டைத் தின்னுற நாய்களுக்கு உணவுக் குழாய்ல கட்டி கட்டுற ஒரு புழுவும் உண்டு. தின்னதும் கக்குறது, முழுங்கக் கஷ்டப்படுறது அதோட அடையாளம். கொசு மூலமா வர்ற இதயப்புழு, நாட்டுல வடகிழக்குப் பக்கம் அதிகம். தெக்க அதிகமா பாக்குறது தோலுக்கடியில வாழுற அதோட சொந்தக்காரப் புழுவை.

இதுல வீட்டுல உள்ளவங்களுக்கும் சம்பந்தம் இருக்கு. உருண்டைப்புழு முட்டை மண்ணுல கிடந்து, ரெண்டு மூணு வாரத்துல தொத்துற பக்குவத்துக்கு வரும். வாசல்ல விளையாடுற அக்கா குழந்தை மண்ணுக் கையை வாயில வெச்சா அந்தப் புழு கண் வரைக்கும் போகலாம். கொக்கிப்புழு செருப்பு போடாத கால் தோல் வழியாவே நுழைஞ்சு, ஊர்ந்த கோடு மாதிரி தடிப்பா வரும். நாய்க்குப் பூச்சி மருந்து குடுக்கறது குழந்தைக்கும் சேர்த்து குடுக்கற பாதுகாப்பு. மலத்தை அன்னன்னைக்கு அள்ளிப் புதைக்கறது அதை விடப் பெரிய பாதுகாப்பு, காசும் ஆகாது.

சரி, கணக்குக்கு வருவோம்

20 கிலோ எடையுள்ள ஒரு நாட்டு நாய்னு வெச்சுக்குவோம். கீழ உள்ள விலை எல்லாம் கணக்குப் புரியறதுக்காக நான் எடுத்துக்கிட்ட விலை. உங்க ஊர் மெடிக்கல்ல, டாக்டர்கிட்ட கேட்டு உங்க விலையைப் போட்டுக்கங்க.

- பூச்சி மாத்திரை: 3 மாசத்துக்கு ஒரு தடவை, 10 கிலோவுக்கு 1 மாத்திரை வீதம் 2 மாத்திரை. வருஷம் 8 மாத்திரை × ₹80 = ₹640
- உண்ணி மருந்து: முதுகுத் தோல்ல விடுற சொட்டு மருந்து, மாசம் ஒண்ணு. 12 × ₹450 = ₹5,400
- வருஷாந்திரத் தடுப்பூசி, வெறிநோய் ஊசி சேர்த்து: ₹1,500
- வருஷம் ஒரு தடவை ரத்தப் பரிசோதனை, மலப் பரிசோதனை: ₹1,000

மொத்தம் வருஷத்துக்கு ₹8,540. மாசத்துக்கு ₹712.

குட்டியா இருந்தா பூச்சி மருந்து அடிக்கடி வேணும். பொறந்த 2-ஆவது வாரத்துல ஆரம்பிச்சு, 2 வாரத்துக்கு ஒரு தடவை 3 மாசம் வரைக்கும், அப்புறம் 6 மாசம் ஆகுற வரைக்கும் மாசம் ஒரு தடவைன்னு டாக்டர்கள் சொல்வாங்க. உண்ணிக்கு 12 வாரம் வேலை செய்யற மெல்லுற மாத்திரையும் இருக்கு. ஒரு மாத்திரை விலையைப் பாத்தா பகீர்னு இருக்கும். 12 வாரத்தால வகுத்துப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. வலிப்பு வந்த நாயா இருந்தா அந்த வகை மாத்திரையைப் பத்தி டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிடணும்.

இப்போ இன்னொரு பக்கம். எதுவுமே பண்ணாம விட்டு, நோய் முத்தின பிறகு ஓடுறீங்க. இதுவும் மாதிரிக் கணக்குதான்:

- கார் வாடகை போக வர: ₹4,500
- ரத்தப் பரிசோதனைகள், ஸ்கேன்: ₹3,000
- 5 நாள் டிரிப், ஊசி: ₹5,000
- மாத்திரை, டானிக், மறுபரிசோதனை: ₹2,500

மொத்தம் ₹15,000. நீங்க 25,000 சம்பளக்காரரா இருந்து, லீவு மிச்சமில்லாம 2 நாள் ஊருக்கு வந்தா சம்பளத்துல இன்னும் ₹1,670 பக்கம் பிடிப்பாங்க.

அந்த ₹15,000-ஐ கிரெடிட் கார்டுல தேச்சுட்டு மினிமம் டியூ மட்டும் கட்டினா? பல கார்டுகள்ல வட்டி மாசம் 3.5% பக்கம். 15,000-க்கு ₹525. அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி ₹94.50. ஆக முதல் மாசம் சுமார் ₹620. அசல் ஒரு ரூபாய் கூட இதுல குறையல. எல்லாத் தடுப்புக்கும் சேர்த்து ஆகுற மாசச் செலவு ₹712, நோய் வந்த பிறகு கடனுக்கு வட்டியும் ஜிஎஸ்டியும் மட்டும் ₹620. ரெண்டுல எதைக் கட்டப் போறீங்கங்கறதுதான் கேள்வி.

உண்மையையும் சொல்லிடுறேன். ₹712 செலவு பண்ணிட்டா நோயே வராதுன்னு யாரும் எழுதிக் குடுக்க முடியாது. வர்ற வாய்ப்பு குறையும், வந்தாலும் சீக்கிரம் தெரியும். ஹெல்மெட் மாதிரிதான் இது.

712 முடியலையா? வரிசை இதுதான்

எல்லாராலயும் ஒரே நாள்ல இதைத் தொடங்க முடியாது. அப்போ முக்கியத்துவப்படி போங்க.

முதல் இடம் வெறிநோய் ஊசிக்கு. அது வீட்டு மனுஷங்க உயிர் சம்பந்தப்பட்டது. ஜூலை 6 உலக விலங்குவழி நோய்கள் தினம். அன்னைக்குப் பல அரசு கால்நடை மருத்துவமனைகள்ல செல்லப் பிராணிகளுக்கு இலவசமா வெறிநோய் ஊசி போடுவாங்க. காலண்டர்ல குறிச்சு வைங்க.

ரெண்டாவது பூச்சி மாத்திரை. நம்ம கணக்குல வருஷத்துக்கே ₹640, அதாவது மாசம் 53 ரூபாய். பல ஓடிடி சந்தாவை விடக் கம்மி.

மூணாவது உண்ணி. மருந்து வாங்க முடியாத மாசத்துலயும் ஒரு வேலை இலவசமா செய்யலாம்: அப்பா சாயங்காலம் திண்ணையில உக்காரும்போது நாயோட காது, கழுத்து, விரல் இடுக்கைத் தடவிப் பாக்கச் சொல்லுங்க. உண்ணி நாய் மேல இருக்கறதை விட வீட்டுச் சுவர் வெடிப்புல, கட்டில் இடுக்குல, நாய் படுக்குற சாக்குல இருக்கறது அதிகம். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்குல முட்டை போடும். சாக்கை வெயில்ல போட்டு, வெடிப்பை சிமெண்ட் வெச்சுப் பூசிட்டா பாதி வேலை முடிஞ்சது.

இன்சூரன்ஸ் எடுக்கலாமா?

முதல்ல தெளிவா இருங்க: உங்க கம்பெனி குரூப் இன்சூரன்ஸ்ல நாய் வராது. மருத்துவ இன்சூரன்ஸுக்கான வரிக் கழிவும் கிடையாது, அது உங்களுக்கும் குடும்பத்துக்கும் பெத்தவங்களுக்கும் மட்டும். ஒரு சின்ன ஆறுதல், கால்நடை கிளினிக் தர்ற சிகிச்சை சேவைக்கு ஜிஎஸ்டி இல்ல.

நாய்க்குனு தனி பாலிசி இந்தியாவுல இருக்கு. பொதுத்துறையில நியூ இந்தியா அஷ்யூரன்ஸ், தனியார்ல முன்னாடி பஜாஜ் அலையன்ஸ், ஃப்யூச்சர் ஜெனரலிங்கற பேர்ல இருந்த நிறுவனங்கள் குடுத்திருக்காங்க. எடுக்கறதுக்கு முன்னாடி 5 கேள்வி கேளுங்க:

1. நாட்டு நாய்க்கும் தருவீங்களா, எத்தனை வயசு வரைக்கும்?
2. காத்திருப்புக் காலம் எத்தனை நாள்?
3. உண்ணிக் காய்ச்சல், புழுத் தொற்று கவர் ஆகுமா, விலக்கப்பட்ட பட்டியல்ல இருக்கா?
4. தடுப்பூசி, பூச்சி மருந்து போட்ட ஆதாரம் காட்டலைன்னா கிளைம் நிக்குமா?
5. ஒரு கிளைம்ல எவ்வளவு நம்ம கையில இருந்து போகும்?

மூணாவது, நாலாவது கேள்விதான் முக்கியம். பூச்சி மாத்திரை, தடுப்பூசி மாதிரி வழக்கமான செலவைப் பொதுவா இன்சூரன்ஸ் குடுக்காது. அதனால இன்சூரன்ஸ் எடுத்தாலும் அந்த 712 உங்க தலையிலதான். ஒரு நோட்டுல தேதி போட்டு, மாத்திரை அட்டையை ஒட்டி, டாக்டர்கிட்ட கையெழுத்து வாங்கி வைங்க. கிளைமுக்கும் உதவும், வைத்தியத்துக்கும் உதவும்.

மிச்சம் பிடிக்கறோம்னு செய்யக் கூடாத 4 விஷயம்

தர்மபுரி பக்கம் வீட்டுல ஆடு மாடு இருக்கும். அதுக்கு வாங்கின ஐவர்மெக்டின் ஊசி மிச்சம் இருக்கும். அதை "ஒரு சொட்டு"ன்னு நாய்க்குப் போடாதீங்க. மாட்டு மருந்தோட வீரியம் வேற, நாயோட எடை வேற. கோலி மாதிரி சில இனங்களுக்கு அது மூளையையே பாதிக்கும்.

தக்காளிக்கு அடிக்கற பூச்சிக்கொல்லியைத் தண்ணியில கலந்து உண்ணிக்குக் குளிப்பாட்டாதீங்க. நாய் தன் உடம்பைத் தானே நக்கும், விஷம் வயித்துக்குள்ள போயிடும்.

நமக்கு வாங்கின இபுபுரூஃபன் மாதிரி வலி மாத்திரையைக் குடுக்காதீங்க. ஏற்கனவே ரத்தம் கசியற நாய்க்கு அது இன்னும் ஆபத்து.

எடை பாக்காம மாத்திரை குடுக்காதீங்க. 20 கிலோ நாய்க்கு 1 மாத்திரை குடுத்தா புழு சாகாது, காசு மட்டும் போகும். எடை பாக்கத் தராசு தேவையில்ல. நாயைத் தூக்கிக்கிட்டு எடை மிஷின்ல நில்லுங்க, அப்புறம் நீங்க மட்டும் நில்லுங்க, கழிச்சுக்கங்க.

எங்க கூட்டிட்டுப் போறது?

முதல் படி உங்க பக்கத்து அரசு கால்நடை மருந்தகம். ஊர்ல மாட்டாஸ்பத்திரின்னு சொல்றோமே, அதுவேதான். மாட்டுக்கு மட்டும்னு நினைச்சுப் போகாம இருக்காதீங்க, நாயையும் பாப்பாங்க. 1962-ங்கற இலவச எண் கால்நடைகளுக்கான நடமாடும் மருத்துவ ஊர்திக்கு. முக்கியமா ஆடு மாடுக்குத்தான், ஆனா நம்பர் போன்ல இருக்கட்டும்.

பெரிய பரிசோதனை தேவைப்பட்டா நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. 1985-ல தொடங்கினது, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தோடது. தர்மபுரியில இருந்து சேலம் வழியா அதே 44-ஆம் நம்பர் தேசிய நெடுஞ்சாலையில 100 கிலோமீட்டருக்கு மேல. கிளம்பறதுக்கு முன்னாடி புறநோயாளி நேரத்தைப் போன்ல கேட்டுக்கங்க.

போகும்போது அன்னைக்குக் காலையில போன மலத்தைச் சின்ன சுத்தமான டப்பாவுல எடுத்துட்டுப் போங்க. மைக்ரோஸ்கோப்ல பாத்தா எந்தப் புழுன்னு தெரிஞ்சுடும். அப்பாவை "உண்ணி இருந்துச்சா, எப்ப இருந்து சாப்பிடல, கடைசியா எப்ப பூச்சி மருந்து குடுத்தோம்"னு மூணு விஷயத்தை எழுதி எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. டாக்டர் தேவையில்லாத டெஸ்ட் எழுதற அவசியம் குறையும்.

இந்த மாச சம்பளத்துல செய்ய வேண்டியது

நம்ம சேனல்ல எமர்ஜென்சி ஃபண்டுக்கும் சிங்க்கிங் ஃபண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பேசியிருக்கோம். எப்ப வரும்னு தெரியாத செலவுக்கு எமர்ஜென்சி ஃபண்ட். கண்டிப்பா வரும்னு தெரிஞ்ச செலவுக்கு மாசாமாசம் சேக்கறது சிங்க்கிங் ஃபண்ட். நாயோட பூச்சி மாத்திரை, உண்ணி மருந்து, ஊசி எல்லாம் ரெண்டாவது வகை. தேதி உட்பட தெரிஞ்ச செலவு.

- தனியா ஒரு சேவிங்ஸ் அக்கவுண்ட், இல்லைன்னா இருக்கற அக்கவுண்ட்லயே தனிப் பிரிவு. சம்பளம் வந்த மறுநாள் ₹750 தானா போற மாதிரி செட் பண்ணுங்க. வருஷம் ₹9,000 சேரும். நம்ம கணக்குல ₹8,540 செலவு போக ₹460 மிஞ்சும், அதை எடுக்காதீங்க.
- ஆர்.டி., மியூச்சுவல் ஃபண்ட் எதுவும் இதுக்கு வேண்டாம். 3 மாசத்துக்கு ஒரு தடவை எடுக்கப் போற பணம் இது.
- நோய்னு வந்தா எடுக்க, எமர்ஜென்சி ஃபண்ட்ல நாய் பேருக்கு ₹10,000-லிருந்து ₹15,000 கூடுதலா இலக்கு வைங்க. 6 மாசமோ 1 வருஷமோ எடுத்துக்கங்க.
- பூச்சி மருந்து தேதி நாலையும் போன் காலண்டர்ல போடுங்க: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. அன்னைக்கு அம்மாவுக்கு ஒரு போன்.

வீடியோ எந்த நாட்டுல எடுத்ததோ அந்த நாட்டு நோயைத்தான் பேசும். உங்க பட்ஜெட்டு உங்க ஊர்ல இருக்கற ஆபத்தைப் பேசணும். நுரையீரல் புழுவுக்கு ராத்திரி 11 மணிக்கு ஆர்டர் போடறதுக்குப் பதிலா, அம்மாவுக்கு போன் பண்ணி ஒண்ணு கேளுங்க: "மணி காதுக்குள்ள உண்ணி இருக்கா பாரும்மா." இருக்குன்னு சொன்னா, நாளைக்குக் காலையில மாட்டாஸ்பத்திரி.

இது பணத்தைத் திட்டமிடுறதுக்கான பதிவு. எந்த மருந்து, எவ்வளவுங்கறதை உங்க கால்நடை டாக்டர்தான் சொல்லணும். ஊர்ல நாய் இருக்கற உங்க ஆபீஸ் நண்பருக்கும் இதை அனுப்பி வைங்க.